காலை டிபனும் என்னோட அஞ்சு கிலோவும்

ஊரார் உடம்பைக் குறைக்கச் சொல்லிச் சம்பளம் வாங்கற வேலையில ஒரே ஒரு கஷ்டம்தான், நமக்கும் ஒரு உடம்பு இருக்கு.

நான் டயட் கவுன்சிலர். பெரம்பலூர்ல ஒரு தனியார் சுகர் கிளினிக்ல திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் உட்காருவேன். அதே டாக்டருக்கு அரியலூர்லயும் ஒரு கிளினிக், வெள்ளி சனி அங்கே. பதினோரு வருஷமா இதே பொழப்பு. காலையில ஏழரைக்கெல்லாம் நாற்காலியில இருக்கணும், ஏன்னா வெறும் வயித்துல ரத்தம் கொடுக்கறவங்க அப்பதான் வருவாங்க. ஒரு மேசை, ஒரு வெயிட் மெஷின், எதிர்ல ஒரு நாற்காலி. அதுல உட்கார்ந்தவங்ககிட்ட "என்ன சாப்பிட்டீங்க"ன்னு கேப்பேன், அவங்க பொய் சொல்லுவாங்க, நான் எழுதிக்குவேன்.

டயட்டுன்னு ஒருதரம் ஆரம்பிச்சு, மூணாம் நாள் பஜ்ஜிக் கடையில கையும் களவுமா மாட்டினவங்க எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்க. உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். பொறவியிலயே ஒல்லியா இருக்கறவங்க இங்கேயே எந்திரிச்சுப் போயிடலாம், உங்களுக்கு இது புரியாது.

தலைக்குப் பின்னால ஒரு போர்டு

என் நாற்காலிக்குப் பின்னால சுவத்துல பச்சைப் பெயின்ட்ல ஒரு போர்டு. "காலை உணவைத் தவிர்க்காதீர்! தவிர்த்தால் எடை கூடும்!" ரெண்டு கிளினிக்லயும் அதே போர்டு, அதே ஆச்சரியக்குறி. எழுதி மாட்டினவர் எங்க டாக்டர். அவர் காலையில சாப்பிடறது என்னன்னு கேளுங்க. ஒரு டம்ளர் கடுங்காப்பி. அதுக்கப்புறம் மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வாயைத் திறப்பார். ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார்.

சுகருக்கு மாத்திரை, ஊசி போடறவங்க பட்டினி கிடக்கக் கூடாது. அது வேற விஷயம், அதுல விளையாட்டே கிடையாது. ஆனா காலையில சாப்பிட்டா இளைக்கும், சாப்பிடலேன்னா பெருக்கும்னு இந்தப் பதினோரு வருஷத்துல என் மெஷின் ஒருநாளும் சொன்னதில்ல. சாப்பிட்டு இளைச்சவங்களைப் பார்த்திருக்கேன், சாப்பிடாம இளைச்சவங்களையும் பார்த்திருக்கேன். ரெண்டு வழியிலயும் பெருத்தவங்கதான் ஜாஸ்தி. இருந்தாலும் போர்டு சொல்றதையேதான் நானும் சொல்லுவேன். சம்பளம் தர்றவர் போர்டுக்காரராச்சே!

ஒருநாள் பெரம்பலூர்ல சின்ன வெங்காய வியாபாரி ஒருத்தர் வந்தார். நூத்திரெண்டு கிலோ. காலையில சாப்பிடாம விடாதீங்கண்ணே, அப்பதான் இளைக்கும்னு ஓதினேன். அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் போர்டைப் பார்த்தார். "ஏம்மா, நீங்க காலையில சாப்பிட்டுத்தான் இப்படி இருக்கீங்களா, சாப்பிடாமலா?"ன்னு கேட்டுட்டார். நான் அப்ப எண்பத்திரெண்டு கிலோ.

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் நின்னுக்கிட்டிருந்தது என் கெரகம். அன்னிக்கே கூப்பிட்டார். கல்யாணமாகி, கைப்புள்ளையோட, மாமியார்கிட்ட மல்லுக்கட்டிப் படிச்சு வாங்கின நாற்காலி அது. "பேஷண்ட் கேக்கறது நியாயம்தானே சுமதி? ஆறு மாசம் டைம், எழுபத்தேழுக்கு வாங்க, இல்லேன்னா வாசல்ல டோக்கன் கொடுக்கற ஜன்னலுக்குப் போயிடுங்க."

பக்தி இல்லாத மெஷின்

சிறுவாச்சூர் கோயிலைத் திங்களும் வெள்ளியும்தான் திறப்பாங்க. அந்த ரெண்டு நாளும் விரதம் இருக்கற அம்மா ஒருத்தங்க, திங்கக்கிழமை கோயிலுக்குப் போற வழியில எங்ககிட்ட வெயிட் பார்த்துட்டுப் போவாங்க. ஒரே மாசத்துல மூணு கிலோ ஏறியிருந்தது. "விரத நாள்ல காலையில பச்சைத்தண்ணி பல்லுல படாது மேடம்"னு கண்ணைக் கசக்கினாங்க. எனக்கே பாவமாப் போச்சு.

சரி, கோயில்லேர்ந்து வந்து என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டேன். விரதத்துல சோறு தொடக் கூடாதாம், டிபன்தானாம். மத்தியானம் ஆறு இட்லி, ரெண்டு வடை, கொஞ்சம் கேசரி. சாயங்காலம் அடை. ராத்திரி சேமியா உப்புமா. சாதாரண நாள்ல எவ்வளவு சாப்பிடுவீங்கன்னேன், ரெண்டு கரண்டி சோறுன்னாங்க. அப்ப விரதம் இல்லாத நாள்லதான் நீங்க விரதம் இருக்கீங்கன்னு சொன்னேன். அந்தம்மாவுக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. "ஆறு இட்லி தின்னாலும் விரதம் விரதம்தான், உங்க மெஷினுக்குத்தான் மேடம் பக்தி கிடையாது!"

எதிர்க்கடை

சுகர் டெஸ்ட்டுல ரெண்டு தடவை ரத்தம் எடுப்பாங்க. வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. வழக்கமாச் சாப்பிடறதைச் சாப்பிட்டு வாங்கன்னுதான் சொல்லி அனுப்புவோம். எல்லாரும் நேரா எதிர்ல இருக்கற டிபன் கடைக்குப் போய், ரெண்டே ரெண்டு இட்லியை, சட்னியைத் தொட்டும் தொடாம சாப்பிட்டுட்டு, யோக்கியசிகாமணி மாதிரி வந்து கையை நீட்டுவாங்க. ரிசல்ட்டைப் பார்த்தா ஊர்ல யாருக்குமே வியாதி இல்ல.

ஒருநாள் அந்தக் கடைக்காரரே வெயிட் பார்க்க வந்தார். உங்க கடையில நம்ம பேஷண்டுங்க எல்லாம் கட்டுப்பாடா இருக்காங்களேன்னு பெருமையாச் சொன்னேன். மனுஷன் சிரிச்ச சிரிப்புல மெஷின் முள்ளே ஆடுச்சு. "டெஸ்ட் அன்னிக்குத்தாங்க உங்களுக்குப் பயப்படுவாங்க, மத்த நாளெல்லாம் என்னோட பூரியைத்தாங்க நம்பி வராங்க."

போர்டுல நேரம் இல்லை

அரியலூர் சிமென்ட் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் பார்க்கறவர் ஒருத்தர். வேலை முடிஞ்சு காலையில ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய், சோறும் குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்குவார். சாயங்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சுப் பல்லு விளக்கி இட்லி சாப்பிடுவார். போர்டை ரொம்ப நேரம் படிச்சுட்டு என்கிட்ட திரும்பினார். "இதுல எதை மேடம் நான் தவிர்க்கக் கூடாது?"

முன்னால மாட்டச் சொல்லுங்க

என் சொந்தக் கதைக்கு வரேன். முதல் மாசம் போர்டையே வேதமா எடுத்துக்கிட்டேன். காலையில நாலு இட்லி, சாம்பார், ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம். மத்த வேளைச் சாப்பாட்டுல ஒரு பருக்கையும் குறைக்கல. மாசக் கடைசியில ஏறி நின்னா எண்பத்திமூணரை. ஐயோன்னு ஆயிடுச்சு.

ரெண்டாவது மாசம் டாக்டர் வழி. காலையில ஒண்ணும் கிடையாது, கடுங்காப்பி மட்டும். பதினோரு மணிக்குப் பசி காதை அடைக்கும். பஸ் ஸ்டாண்டு சமோசா ரெண்டு உள்ளே போனாத்தான் அடங்கும். ஒரு கிலோ இறங்கி, எண்பத்திரெண்டரையில நின்னுச்சு. இதுல கொடுமை என்னன்னா, பட்டினி கிடந்துக்கிட்டே தினமும் முப்பது பேருக்கு 'காலையில கண்டிப்பா சாப்பிடுங்க'ன்னு சொல்லணும். வாய் கூசும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அரியலூர். வீட்டுல எல்லாரும் ஊருக்குப் போயிருந்ததால அன்னிக்கு அடுப்பே பத்த வெக்கல. எதிர்ல செல்வராணி, உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற அக்கா. "காலையில சாப்பிடாம இருந்தா என்ன ஆகும் தெரியுமா"ன்னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான் ஞாபகம். கண்ணு முழிச்சுப் பார்த்தா தரையில கிடக்கேன், என் தலை செல்வராணி மடியில. டெஸ்ட் முடிஞ்சு சாப்பிடறதுக்குன்னு அவங்க தூக்குல கொண்டாந்திருந்த பழைய சோத்தைக் கரைச்சு எனக்கு ஊட்டிக்கிட்டிருக்காங்க. வரிசை மொத்தமும் சுத்தி நின்னு வேடிக்கை பார்க்குது. மானம் போச்சு. ஆனா அந்த மோரும் வெங்காயமும் அமிர்தமா இருந்துச்சு, அதையும் சொல்லணும். செல்வராணி நிமிர்ந்து சுவத்தைப் பார்த்தாங்க. "பின்னால மாட்டி வெச்சா நீங்க எப்படிங்க படிப்பீங்க? முன்னால மாட்டச் சொல்லுங்க."

ஆடு ஊதின கதை

அடுத்த தடவை செல்வராணி வந்தப்ப நாலு கிலோ குறைஞ்சிருந்தாங்க. கதவைச் சாத்திட்டு, வெக்கத்தை விட்டுக் கேட்டேன், அக்கா, காலையில சாப்பிடறீங்களா இல்லையா? கொட்டை உடைக்கப் போற நாள்ல நேரம் இருக்காது, சாப்பிட மாட்டேன், மத்த நாள் சாப்பிடுவேன், அதுல என்ன இருக்குன்னாங்க. பின்ன எப்படிக்கா இளைச்சீங்க?

"நீங்கதானே வாயில போடறதை எல்லாம் நோட்டுல எழுதச் சொன்னீங்க. எனக்கு எழுத வராது, என் பொண்ணு எழுதினா. அந்தக் கழுதை ஒண்ணு விடாம எழுதிடுச்சு"ன்னாங்க. நோட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். தம்பி வெச்ச மிச்சம் ஒரு தோசை. அப்பா வெச்ச மிச்சம் அரைத் தட்டு உப்புமா. சட்டியில ஒட்டினது. ஆறிப்போனது. நாளெல்லாம் இதேதான். அப்புறம் என்னைத் திருப்பிக் கேட்டாங்க, "உங்க வூட்டுல மிச்சத்தை யாருங்க சாப்பிடுவா?"

எங்க வீட்டுல நான்தான். பையன் மூணு தோசையில ஒண்ணரை வெப்பான். பொண்ணு பொங்கல்ல பாதி. வூட்டுக்காரர் பூரிக் கிழங்கு. எல்லாத்தையும் தொட்டிகிட்ட நின்னுக்கிட்டே வழிச்சு வாயில போட்டுட்டு, தட்டைக் கழுவிட்டு, 'நான் இன்னும் ஒண்ணும் சாப்பிடல'ன்னு பஸ் ஏறிடுவேன். நின்னுக்கிட்டு சாப்பிட்டா அது சாப்பாடே இல்லைன்னு எனக்கு யார் சொன்னது? வீணாப் போகுதேன்னு நம்ம ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் செய்யறதுதான். அது அவங்களுக்கு மிச்சம், நமக்கு இடுப்பு. பதினோரு வருஷம் படம் போட்டுப் பாடம் எடுத்தவளுக்கு இது உறைக்கல. சரி, நீங்க இப்ப அந்த மிச்சத்தை என்ன பண்றீங்கன்னு கேட்டேன். "ஆட்டுக்கு வெச்சுடறேன், நான் இளைச்சுட்டேன், அதுதாங்க ஊதிடுச்சு."

ஒரு தோசைதானா?

எங்க வீட்டுல ஆடு கிடையாது. அதனால தட்டுல வெக்கறதையே குறைச்சேன், வேணும்னா கேட்டு வாங்கிக்கோங்கன்னுட்டேன். பசிச்ச நாள்ல நானும் உட்கார்ந்து ரெண்டு இட்லி சாப்பிட்டேன், பசிக்காத நாள்ல விட்டேன். சமோசாவையும் விட்டேன், அழுதுக்கிட்டேதான் விட்டேன். மெஷின் ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமா மனசு இரங்குச்சு. என் பையனுக்குத்தான் பொறுக்கல. "முன்னெல்லாம் மூணு வெப்பியே, உனக்குன்னு சேர்த்துத்தான் எனக்கு வெச்சியாம்மா?"

ஃபோட்டோ

ஆறாவது மாசம் டாக்டர் முன்னால ஏறி நின்னேன். எழுபத்தாறே முக்கால். நாற்காலி தப்பிச்சுடுச்சுடா சாமின்னு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. டாக்டர் கை தட்டினார். "பார்த்தீங்களா, காலை உணவோட மகிமை!"

மறுவாரமே போர்டுக்குக் கீழ என் படம் ரெண்டு. ஒண்ணு பழைய படம், பொங்கல் விழாவுல கரும்போட நிக்கறது. இன்னொண்ணு புதுசு. "காலை உணவைத் தவிர்க்காமல் இளைத்தவர்"னு கீழ எழுத்து. சார், அது காலைச் சாப்பாட்டால இல்ல சார், பசங்க வெச்ச மிச்சத்தை நிறுத்தினேன்னு மெதுவாச் சொல்லிப் பார்த்தேன். கடுங்காப்பியை ஒரு வாய் உறிஞ்சிட்டுச் சொன்னார். "மிச்சத்தை எல்லாம் போர்டுல எழுதினா நல்லாவா இருக்கும் சுமதி? கேட்டா காலை உணவுன்னே சொல்லுங்க."

வெங்காயக்காரர் திரும்ப வந்தார்

அடுத்த திங்கள் அதே வெங்காய வியாபாரி எதிர்ல உட்கார்ந்தார். நூத்தி நாலு கிலோ. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கிண்டல் இல்ல. "முட்டி போயிடுச்சும்மா. மாடிப்படி ஏற முடியல. காலையில சாப்பிட்டா இளைக்கும்னு நீங்க சொன்னதை நம்பி, ஏழு இட்லி சாப்பிடறேன். நெஜமா அதனாலதான் இளைச்சீங்களா?"

திரைக்குக் கீழ டாக்டரோட செருப்பு தெரிஞ்சுது. ஆறு மாசம் பட்டினியும் மயக்கமுமா காப்பாத்தின நாற்காலி. ஆமாண்ணேன்னு ஒரு வார்த்தை போதும். ஆனா அவர் முட்டியைத் தடவிக்கிட்டே என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருந்தார், எனக்கு வரல. "இல்லண்ணே. இளைக்கறதுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்ல. நீங்க சுகர் மாத்திரை போடறீங்க, அதனால சாப்பிட்டுத்தான் ஆகணும். ஆனா மூணு இட்லி போதும். நாள் பூரா வாயில போடறதை எல்லாம் எழுதுங்க, கடையில கொறிக்கறதையும் சேர்த்து எழுதுங்க. நான் இளைச்சது பசங்க மிச்சத்தைத் திங்கறதை விட்டதால." செருப்பு நகரல. வியாபாரி மெதுவா எந்திரிச்சார். "இதை மொத நாளே சொல்லியிருந்தா நானும் இளைச்சிருப்பேன், போர்டுக்குப் பெயின்ட்டும் செலவாயிருக்காதேம்மா!"

இப்ப என் நாற்காலியில காலையில ஒண்ணுமே சாப்பிடாத ஒரு ஒல்லிப் பொண்ணு உட்கார்ந்திருக்கு, என் படம் ரெண்டும் அதுக்குப் பின்னால அப்படியே தொங்குது, டோக்கன் வாங்க வர்றவங்க என் ஜன்னல்ல குனிஞ்சு "நெஜமா எப்படி மேடம் இளைச்சீங்க"ன்னு கேக்கறாங்க, ஆக உள்ளே போய் போர்டு சொல்றதைக் கேக்கறதுக்கு டோக்கனையும், அதைக் கேக்க வேண்டாம்ங்கற உண்மையையும் ஒரே ஜன்னல் வழியா நானேதான் கொடுத்துக்கிட்டிருக்கேன்.