கண்ணாடியில் ஒட்டிய நெஞ்சு

மார்ச் 3. மார்புப் படம். 350 ரூபாய்.
மார்ச் 9. நுரையீரல் மருத்துவர். 600.
மார்ச் 19. பக்கத்து ஊர் பணிமனை, இரண்டு பேர், போக வர. 180.
மார்ச் 21. ஏலக் கிடங்கு, ஆட்டோ. 240.
மார்ச் 23. மருத்துவர், இரண்டாம் முறை. கட்டணம் வாங்கவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டுநர்களை ஆண்டுக்கொரு முறை உடல் சோதனைக்கு அனுப்புவது பஸ் பணிமனையின் வழக்கம். டிரைவர் சிரித்துக்கொண்டேதான் போனார். கண் சரி, காது சரி, ரத்த அழுத்தமும் பரவாயில்லை. மார்புப் படத்தோடு வந்த தாளில் மட்டும் ஒரு வரி இருந்தது: வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒன்பது மில்லிமீட்டர் லீஷன்.

அந்த ஒரு வரிக்காக அன்றே அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அது என்னவென்று தெரியும்வரை நேரப் பலகை எழுதும் வேலை. மே மாதம் முடிவதற்குள் மருத்துவக் குழுவின் சான்றிதழ் வராவிட்டால் நிரந்தரமாக வாசல் காவல்தான் என்று மேலாளர் வருத்தத்தோடு சொன்னார். இருபத்தைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்த கைக்குச் சாக்பீஸ் ஒத்துவரவில்லை. எட்டு எழுதினால் மூன்றாகத் தெரிந்தது.

லீஷன் என்றால் என்ன? மருந்துக்கடைக்காரர் கட்டி என்றார். கணக்குப் பிரிவில் இருந்தவர் புண் என்றார். மைத்துனன் கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு, "ஒண்ணுமில்ல மச்சான்" என்று பேச்சைக் கிரிக்கெட்டுக்கு மாற்றினான். டிரைவரை அதிகம் பயமுறுத்தியது அதுதான்.

வீட்டில் அவரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தாலும் இடது கால் தரையில் கிளட்சை மிதித்துக்கொண்டே இருந்தது. பீரோவைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். கிறீச்சிடாத கதவுக்கு எண்ணெய் விட்டார்.

"அந்தக் கதவு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று மனைவி கேட்டாள். "பெரிய டாக்டர்கிட்டப் போயி நேரா கேட்டுட்டு வாங்க. இல்லேன்னா நான் போயிக் கேப்பேன்."

நுரையீரல் மருத்துவர் இளம் வயதுப் பெண்மணி. படத்தை விளக்குப் பலகையில் செருகி, நெஞ்செலும்புகளுக்கு நடுவே பட்டாணியளவு வெள்ளைப் புள்ளி ஒன்றைக் காட்டினார். படம் எதிரே நிற்கும் ஆளைப் போல, அதில் நமக்கு இடக்கைப் பக்கம் தெரிவதுதான் வலது நுரையீரல் என்றார். இது கட்டியா, புண்ணா என்று டிரைவர் கேட்டார்.

"லீஷன்னா நோயோட பேர் இல்லீங்க. உடம்புல ஒரு இடத்துல திசு கெட்டிருக்கு, இல்ல எப்பவோ கெட்டு ஆறியிருக்கு. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். ஆறின தழும்பையும் அப்படித்தான் சொல்லுவோம், புத்துநோயையும் அப்படித்தான் சொல்லுவோம்."

"ரெண்டுக்கும் ஒரே பேரா?"

"எதுன்னு தெரியற வரைக்கும் ஒரே பேர்தான். இது வளருதான்னு பாக்கணும். உங்க பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கா?"

இல்லாவிட்டால் ஊசியை நெஞ்சுக்குள் விட்டுத் துளி சதையை எடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது சில மாதம் பொறுத்து மறுபடி படம் எடுக்க வேண்டும் என்றார். பொறுப்பது என்ற சொல்லைக் கேட்டதும் டிரைவர் எழுந்து நின்றுவிட்டார்.

பழைய படம் ஒன்று எடுத்தது உண்மை. பதினோரு வருடம் முன்பு நெடுந்தூர வண்டிக்கு மாறியபோது எடுத்து, வேலை முடிந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். மனைவி பரணைக் கவிழ்த்தாள். பெட்டிகளைக் கொட்டினாள். குழந்தைகளின் தடுப்பூசி அட்டை உட்பட எல்லாம் கிடைத்தன, அது மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு மாலை பணிமனை மேடையில் பலகையோடு உட்கார்ந்திருந்தார். சாய்ந்த வெயில் கண்ணில் குத்தியது. பழக்கத்தில் தலையைத் தாழ்த்தி, பஸ் முன்கண்ணாடியின் மேல்பக்கம் ஒட்டிய கருப்புப் பட்டைக்குக் கீழிருந்து பார்ப்பதுபோல் சாய்ந்தார். பட்டை எங்கே இருக்கிறது இங்கே? அடுத்த நொடி சாக்பீஸ் கையிலிருந்து விழுந்தது.

ஓட்டுநர்கள் வெயிலுக்குக் கைக்குக் கிடைத்ததை ஒட்டுவார்கள். கலர் காகிதம் கிழிந்துபோகும், எக்ஸ்ரே படம் கிழியாது. வீட்டில் சும்மா கிடந்ததைக் குறுக்காக இரண்டாக வெட்டி, மேல்பாதியை அப்போது ஓட்டிய பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டியவர் அவரேதான். கீழ்பாதி பக்கக் கண்ணாடிக்குப் போனது.

பல வருடமாக அதே வண்டியில் அவரோடு ஓடிய கண்டக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னார். கண்டக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணே, அப்ப உங்க நெஞ்சு வழியாத்தான் நான் இத்தன வருஷமா ரோட்டப் பாத்துட்டிருந்தனா? சொல்லியிருந்தா கொஞ்சம் மரியாதையாப் பாத்திருப்பேன்."

அந்த வண்டி எப்போதோ பக்கத்து ஊர் பணிமனைக்கு மாற்றப்பட்டிருந்தது. இருவரும் விடுப்புப் போட்டுவிட்டுப் போனார்கள். போகும் வழியெல்லாம் டிரைவர் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, வண்டி ஓட்டுபவனின் ஒவ்வொரு கியரையும் மனசுக்குள் திருத்திக்கொண்டு வந்தார். அங்கே போனால் வண்டி ஆயுள் முடிந்து ஏலக் கிடங்கில் நிற்பதாகச் சொன்னார்கள். அடுத்த ஏலம் எந்த நாள் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பதில் இரண்டு நாள் அவரைச் சாப்பிடவிடவில்லை.

ஏலக் கிடங்கில் வண்டி சக்கரமில்லாமல் செங்கல் மேல் நின்றது. இருக்கைகளைக் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். பக்கக் கண்ணாடிகள் இல்லை. முன்கண்ணாடி இருந்தது, மேலே பட்டையும் இருந்தது. பின்னால் ஓட்டியவன் யாரோ அதன்மேல் பச்சைக் காகிதம் ஒட்டியிருந்தான். டிரைவர் தன் பழைய இடத்தில், இருக்கை இல்லாத இரும்புச் சட்டத்தில் முட்டியிட்டு, ஈரத் துணியால் ஊறவைத்து, பிளேடால் ஓரத்தைக் கிளப்பினார். அவசரத்தில் படத்தைக் கீறிவிடுவார் என்று கண்டக்டர் பிளேடை வாங்கிக்கொண்டான்.

உரித்து வெயிலுக்கு எதிரே பிடித்தார்கள். தோள் எலும்புகள் தெரிந்தன. கீறல்களுக்கு நடுவே, பட்டாணியளவில், புள்ளி இருந்தது. டிரைவர் முகம் மலர்ந்து உடனே வாடியது.

"இது நம்ம வலக்கைப் பக்கம்ல இருக்கு, அப்ப நெஞ்சுக்கு இடது. அவங்க வலதுன்னாங்களே."

கண்டக்டர் படத்தையும் அவர் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தான். இடமிருந்து வலம் நகர்ந்துவிட்டதா, இல்லை இது வேறொன்றா? ஒரு லீஷனோடு போன மனிதர் இரண்டோடு திரும்புகிறார். வீட்டில் மனைவியிடம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

மருத்துவர் அந்தப் பட்டையைக் கையில் வாங்கி, பசைக் கறையையும் பிளேடுக் கீறலையும் பார்த்துவிட்டு, இது எங்கே இருந்தது என்று கேட்டார். டிரைவர் சொன்னார். மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகையில் செருகினார். புள்ளி இடது நுரையீரலில் இருப்பதை டிரைவரே முந்திக்கொண்டு சொன்னார்.

மருத்துவர் பட்டையை எடுத்து மறுபுறம் திருப்பிச் செருகினார். புள்ளி வலது நுரையீரலுக்கு வந்து நின்றது.

"பின்பக்கமாப் பாத்திருக்கீங்க. இதோ இந்த வளைவு இதயத்துலேருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய், இது இடது பக்கம்தான் இருக்கணும்." பிறகு சிறு அளவுகோலை வைத்துப் பழையதையும் புதியதையும் இரண்டிரண்டு முறை அளந்தார். "பதினோரு வருஷமா அப்படியே இருக்கு. எப்பவோ வந்துட்டுப் போன சளிக் காய்ச்சலோட தழும்பு. உங்களுக்கே தெரியாம வந்து ஆறியிருக்கும்."

டிரைவர் தலையாட்டினார். வெளியே வந்ததும், படியில் உட்கார்ந்திருந்த மனைவியைத் தாண்டித் தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அழுகை வந்தது.

ஆனால் மருத்துவர் சொல்வது வேறு, குழுவின் தாள் வேறு. இரண்டு படங்களும் குழுவுக்குப் போயின. உயிர்ப்பயம் போன இடத்தில் ஓட்டுநர் இருக்கையைப் பற்றிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பசைக் கறை பிடித்த பட்டையை ஆதாரமாக ஏற்க மாட்டார்கள் என்று ஒரு நாள் நினைத்தார், தொலைத்துவிடுவார்கள் என்று மறுநாள் நினைத்தார். மேலும் விவரம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. மருத்துவர் பதில் எழுதினார். ஏப்ரல் முடிந்தது. நேரப் பலகையில் எட்டு எட்டாகவே தெரியத் தொடங்கியிருந்தது, அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

கடைசிக் கடிதத்தை மனைவிதான் வாங்கினாள். நின்றபடியே படித்தாள். வலது நுரையீரலில் பழைய, ஆறிய லீஷன், மாற்றமில்லை, கனரக வாகனம் ஓட்டத் தகுதியுடையவர்.

"இன்னும் அந்த வார்த்தைய விடமாட்டேங்கறாங்களே" என்றாள்.

"இருந்துட்டுப் போகுது" என்றார் டிரைவர், காக்கிச் சட்டையைத் தேடிக்கொண்டே.

கடிதம் வந்த நாள் மே 6.