தெருவுக்கு ஒரு போன்

புகார் மையத்துல வேலைக்குச் சேர்ந்தா முதல் நாளே கத்துக்கொடுக்கிறது புகாரை எப்படி வாங்கணும்னு இல்லை, எப்படி மூடணும்னுதான். வாங்கறது யாருக்கும் வரும். மூடறதுக்குத்தான் பயிற்சி வேணும்.

நாலு வருஷம் பெங்களூர்ல அந்த வேலை பார்த்தேன். தெருவிளக்கு எரியலை, குப்பை எடுக்கலை, சாக்கடை அடைச்சிருக்குன்னு ஊர் ஜனம் கூப்பிடற நம்பர் ஒண்ணு. அதை ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி நடத்துச்சு, அதுல ஹெட்செட் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த கும்பல்ல நானும் ஒருத்தி. தமிழ், கன்னடம், கொஞ்சம் உருது, ஆபீஸ் இங்கிலீஷ் எல்லாம் வாயில வரும்கிறதுதான் என் தகுதி. நீங்களும் என்னைக்காவது இந்த மாதிரி நம்பருக்கு அடிச்சு, அந்தப் பாழாப்போன மியூசிக்கைக் கேட்டுக்கிட்டு நின்னிருப்பீங்க. அந்தப் பக்கம் இருந்தவ நான்தான். திட்டணும்னு தோணினா தாராளமாத் திட்டுங்க, நானும் உங்களோட சேர்ந்து திட்டத்தான் இதை எழுதறேன்.

விளக்கு ஒண்ணு, போன் நாப்பது

ஒரு திங்கட்கிழமை காலைல வைட்ஃபீல்ட்ல இருந்து ஒருத்தர் கூப்பிட்டார். அவங்க அபார்ட்மென்ட் கேட்டுக்கு வெளியே ஒரு விளக்கு எரியலையாம். எழுதிக்கிட்டேன். அடுத்த போன், அதே கேட், அதே விளக்கு. அதுக்கடுத்ததும் அதுதான். மதியத்துக்குள்ள நாப்பது போன், எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே வாக்கியம். ஒரு பெரியவர் வாட்ஸ்அப்புல வந்ததை அப்படியே பார்த்துப் படிச்சார். கடைசியில இருந்த 'எல்லா பிளாக்குக்கும் அனுப்பவும்'கிறதையும் சேர்த்தே படிச்சுட்டார். நான் மியூட்டைப் போட்டுட்டுச் சிரிச்சேன்.

எங்க கம்ப்யூட்டர்ல ஒரே இடத்துப் புகார் கூடக்கூட அது தானா மேல ஏறும். நாப்பது வந்ததும் உச்சிக்கே போயிருச்சு. சாயங்காலமே லாரி போய் விளக்கு எரிஞ்சாச்சு. மறுநாள் சரிபார்க்கக் கூப்பிட்டப்ப அந்த முதல் ஆளே எடுத்தார். அதெப்படி சார் இத்தனை பேர் ஒரே காலைல கூப்பிட்டீங்கன்னு கேட்டேன். அவருக்கு ஒரே பெருமை. "டைம்டேபிள் போட்டிருக்கோம்மா. ஏ பிளாக் பத்து மணி, பி பிளாக் பத்தரை. ஒத்த ஆள் கூப்பிட்டா யார் மதிக்கிறா?"

குதிரைலாயத்து போன்

கன்டோன்மென்ட் பக்கம் வெள்ளைக்காரன் குதிரை கட்டின இடத்துக்கு இன்னும் குதிரைலாயம்னுதான் பேர். இப்ப அங்க வரிசை வீடுங்க, எல்லாம் நம்ம தமிழ் ஜனம். சமையல், பெயின்டிங், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங்னு ஊர் முழுக்க வேலைக்குப் போறவங்க. அங்க இருந்து செல்வின்னு ஒருத்தங்க கூப்பிட்டாங்க. சாக்கடை அடைச்சு, அந்தத் தண்ணி குடிதண்ணிக் குழாய்ல கலக்குதாம். குழாயைத் திறந்தா நாத்தம் குடலைப் புடுங்குதுன்னாங்க.

எந்த வீடுன்னு கேட்டேன். எல்லா வீடும்தான்னாங்க. எங்க ஃபாரத்துல ஒரு புகாருக்கு ஒரு வீட்டு நம்பர்தான் போட முடியும், அவங்க நம்பரையே போட்டேன். அக்கா, தெருவுல எல்லாரையும் தனித்தனியாக் கூப்பிடச் சொல்லுங்கன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அப்படிச் சொல்லிக்கொடுக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல ரூல். ரூலாவது மண்ணாவது, அந்தத் தெருவுக்குப் பின்தெருவுல பிறந்து வளர்ந்தவ நான். எங்க தெருவுக்குத் தண்ணி வேற லைன்ல வருது, அதனால தப்பிச்சோம். அதையும் சொல்லலை. 'மேகா'ன்னு ஆபீஸ்ல எனக்கு வெச்ச பேர்லயே பேசிப் புகார் எண்ணைக் கொடுத்தேன். வேற யாராவது கூப்பிடுவாங்களான்னு மட்டும் கேட்டேன். அவங்க ரொம்பப் பதவிசாச் சொன்னாங்க: "இல்ல மேடம், ஆளாளுக்கு அடிச்சா உங்களுக்கும் தொந்தரவுதானே? அதான் தெருவுக்கு ஒரு போன்னு நாங்களே பேசி வெச்சிருக்கோம்."

மூணு ரிங்

புகாரை மூட ரெண்டு வழி. வேலை முடிஞ்சிருக்கணும், இல்லைன்னா புகார் சொன்னவங்க கிடைக்கலைன்னு ஆகணும். காலைல பதினோரு மணிக்குக் கூப்பிடுவோம், மூணு நாள், நாளுக்கு ஒரு தடவை. எடுக்கலைன்னா 'தொடர்பில் இல்லை'ன்னு மூடிடலாம். பதினோரு மணிக்கு யார் எடுப்பா சொல்லுங்க? லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கறவங்க எடுப்பாங்க. செல்வி அக்காவுக்கு வைட்ஃபீல்ட்ல ரெண்டு வீட்டுல சமையல். போனைச் செருப்பு ஸ்டாண்டு மேல வெச்சுட்டுத்தான் அடுப்படிக்குள்ள போகணும்னு அந்த வீட்டம்மா சட்டம். இதெல்லாம் அவங்களே சொன்னாங்க, முதல் புகாரை நான் மூடினதுக்கப்புறம் திரும்பக் கூப்பிட்டு. சாயங்காலம் கூப்பிடுங்க மேடம்னு கெஞ்சினாங்க, நானும் சரின்னேன்.

என் ஷிஃப்ட் நாலு மணிக்கே முடிஞ்சிரும். ஆனா திரையில குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கு. 'ஆறு மணிக்கு மேல் கூப்பிடவும்'னு அதுல எழுதியிருந்தா அடுத்த ஷிஃப்ட்காரங்க கூப்பிட்டிருப்பாங்க. அப்படி எழுதினா புகார் திறந்தே கிடக்கும், என் பேர்ல ஒண்ணு பாக்கின்னு நிக்கும். எழுதலை. அவங்க திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கொடுத்த ரெண்டாவதையும் மூடினேன், மூணாவதையும் மூடினேன். அந்த மாசம் அதிகப் புகாரை மூடினவ நான்தான். டீம் லீடர் நாகராஜ் சார் எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லி, என் கையில ஒரு மைசூர்பாக் டப்பாவைக் கொடுத்து, கன்னடத்துல சொன்னார்: "வேலையை எப்படிச் செய்யணும்னு மேகாவைப் பார்த்துக் கத்துக்கோங்க."

எல்லைக்கு வெளியே

பக்கத்து சீட்ல ஷரணப்பா. வடக்கு கர்நாடகாவுல யாதகிரி பக்கம் ஒரு கிராமத்து ஆளு, எலெக்ட்ரானிக் சிட்டியில ஒரு பி.ஜி. ஹாஸ்டல்ல தங்கி வந்து போவார். ஒரு நாள் மதியம் எனக்கு ஒரு போன். வயசான குரல், கன்னடத்துல அந்தப் பக்கத்துப் பேச்சு. ஊர்ல போர்வெல் பம்பு கெட்டு ரெண்டு மாசமாச்சாம், மூணு கிலோமீட்டர் நடந்து தண்ணி எடுக்கறாங்களாம். பஞ்சாயத்து ஆபீஸ் பூட்டியே கிடக்காம். என் மகனும் அங்கதான்மா வேலை பார்க்கறான், ஷரணப்பான்னு பேரு, அவன்கிட்டயும் சொல்லிடுன்னார்.

நான் மியூட்டைப் போட்டுட்டு, உங்க அப்பா லைன்ல இருக்கார்னு ஷரணப்பாகிட்ட சொன்னேன். அவர் கையைக் கூப்பிக்கிட்டு வேண்டாம்னு தலையாட்டினார். எல்லா போனும் பதிவாகுது, சொந்தக்காரங்ககிட்ட பேசினா வேலை போயிரும். வேற வழியில்லாம நானே அந்த மனப்பாட வாக்கியத்தைச் சொன்னேன், இந்தச் சேவை நகர எல்லைக்குள்ள மட்டும்தான் ஐயான்னு. ஷரணப்பா திரையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார், டைப் மட்டும் பண்ணலை. பெரியவர் கேட்டார்: "அப்ப புகார் சொல்லணும்னாலும் பெங்களூருக்குத்தான் வரணுமாம்மா?"

நல்ல ஏரியா

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல யாரோ செல்போன்ல செய்தி படிச்சாங்க. குதிரைலாயம் பக்கம் மஞ்சக்காமாலை பரவுதாம். நான் தயிர்சாத டப்பாவை மூடி வெச்சேன். நாகராஜ் சாருக்கு ஆச்சரியம். அங்க இருந்து புகாரே வரதில்லையே, அந்த ஜனத்துக்கு எல்லாம் பழகிப்போச்சு, வோட்டுக்கு யார் என்ன கொடுக்கறாங்கன்னுதான் பார்ப்பாங்கன்னார். கெட்ட மனுஷர் இல்லை, நிஜமாவே அப்படித்தான் நம்பினார்.

என் அப்பா ஒரு தேர்தல் விடாம இஸ்திரி போட்ட சட்டையில போய் வோட்டுப் போடற ஆளு. அதைச் சொல்லியிருக்கலாம். புகார் ஏன் வரலைன்னாவது சொல்லியிருக்கலாம். சார் திடீர்னு என் பக்கம் திரும்பி, நீ எந்தப் பக்கம்மான்னு கேட்டார். ஃப்ரேசர் டவுன் பக்கம்னுட்டேன். எங்க தெருவுல இருந்து ஒரு பக்கமா நடந்து போனா அதுவும் பக்கம்தானே, பொய்யில்லைன்னு மனசுக்குள்ள சமாதானம் வேற. அவர் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னார்: "அது நல்ல ஏரியா. விவரமான ஜனங்க."

மைக்கைப் பிடிச்ச அன்னைக்கு

பழைய குடிதண்ணிக் குழாயை எந்தப் பக்கம் முதல்ல மாத்தறதுன்னு முடிவு பண்ண ஒரு கூட்டம் போட்டாங்க, பொதுமக்களும் வரலாம்னு. புகார் எண்ணிக்கையைப் படிக்க என்னை அனுப்பினாங்க. திரையில ஊர் வரைபடம், புகாருக்கு ஒரு சிவப்புப் புள்ளி. வைட்ஃபீல்ட் பக்கம் அம்மை போட்ட மாதிரி இருந்துச்சு. குதிரைலாயம் பக்கம் மூணே மூணு புள்ளிதான் இருந்துச்சு.

அரை நாள் லீவு போட்டுட்டு நாலு பொம்பளைங்களோட ஒருத்தங்க வந்திருந்தாங்க. கையில ஒரு பாட்டில், அதுல டீத்தூள் கலர்ல தண்ணி. எழுந்து நின்னு, தெருவுல வீட்டுக்கு வீடு காமாலை, என் மகளும் படுத்திருக்கா, பத்தாவது பரீட்சை எழுத முடியலைன்னாங்க. குரலைக் கேட்டதுமே செல்வி அக்கான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கூட்டத்தை நடத்தின இன்ஜினியர் என்னைப் பார்த்தார். மைக்கைப் பிடிச்சு, குதிரைலாயம், மூணு புகார், மூணும் மூடப்பட்டதுன்னு படிச்சேன். எப்படி மூடினேன்னு அந்த மைக்லயே சொல்ல எனக்கு வாய் வரலை. மூணே மூணு புகாருக்குக் குழாய் மாத்த முடியாதும்மான்னு இன்ஜினியர் அடுத்த ஏரியாவுக்குப் போயிட்டார்.

வெளியே வந்து என்கிட்ட நின்னாங்க. என் குரலை அவங்களும் கண்டுபிடிச்சிருந்தாங்க, முகத்தையும்தான்: பின்தெரு பெயின்டர் மகளாச்சேன்னாங்க. எல்லாத்தையும் கொட்டிட்டேன். மூணு ரிங், குறிப்புக் கட்டம், ஏ பிளாக், பி பிளாக், நாப்பது போன். அறைஞ்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். அவங்க அந்த பாட்டிலோட மூடியைத் திருகிக்கிட்டே கேட்டாங்க: "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தெருவே போன் அடிச்சிருக்குமே பாப்பா, நம்ம தெருப் பொண்ணுதானே நீ?"

எல்லாத்துக்கும் ஆமா

அந்த வாரமே சாயங்காலத்துல வீடு வீடாப் போனேன். இந்த நம்பர், தனித்தனியாக் கூப்பிடுங்க, இப்படிச் சொல்லுங்கன்னு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். யாரும் சண்டைக்கு வரலை, மரியாதையா வாங்கிக்கிட்டாங்க. ஒருத்தர்கூடக் கூப்பிடலை. ரெண்டு மூணு வீடாச் சேர்ந்து கேன் தண்ணி வாங்க ஆரம்பிச்சிருந்தாங்க.

வருஷக் கடைசியில மக்கள் கருத்துக் கணிப்புன்னு ஒண்ணு. கம்ப்யூட்டரே நம்பரைப் பொறுக்கிப் போடும், நாங்க கேள்வியைப் படிக்கணும், ஆமாம், இல்லைன்னு ஒரு டிக். எனக்கு ராசி எப்படிப் பாருங்க, செல்வி அக்கா நம்பர் வந்துச்சு. மகளுக்கு இப்பத் தேவலையாம், ஒரு வருஷம் போனதுதான் மிச்சம்னாங்க. கேள்வியைப் படிச்சேன். நகரச் சேவைகள் மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்கா, குறை சொன்னா கேப்பாங்கன்னு நினைக்கிறீங்களா, அடுத்த தேர்தல்ல வோட்டுப் போடுவீங்களா. அவங்க மெதுவாச் சிரிச்சாங்க. போன தடவை வரைக்கும் காலைல ஏழு மணிக்கே முதல் ஆளா நின்னவதான், இனிமே அந்தப் பக்கம் போறதா இல்லைன்னாங்க. அப்ப இல்லைன்னு போடவாக்கான்னு கேட்டேன். அவங்க பதறிட்டாங்க: "ஐயோ, எல்லாத்துக்கும் ஆமான்னே போட்டுக்கோ பாப்பா, இல்லைன்னு போட்டா ஆபீஸ்ல உன்னைத்தானே கேள்வி கேப்பாங்க."

போட்டேன். அடுத்த மாசம் வந்த அறிக்கையில, ஊரிலேயே நிர்வாகத்து மேல அதிக நம்பிக்கை வெச்சிருக்கற பகுதிகள் பட்டியல்ல குதிரைலாயமும் இருந்துச்சுங்க.