பையன் வைத்த குமிழ்கள்

டெல்லி ஜனக்புரியில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ரிட்டயரானவர். வீட்டிலும் சட்டையை இன் பண்ணியிருப்பார். தினமும் ஸ்டீரியோவின் ஈக்வலைசரைப் பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவார், குமிழ் ஒன்றுகூட நகராமல்.

எனக்கு ஆம்ப்ளிஃபயர் சமாச்சாரம் கொஞ்சம் தெரியும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். "நாதஸ்வரம் போட்டா தவில் தகர டப்பா மாதிரி கரகரங்குது சார். ஸ்பீக்கர் போயிடுச்சா பாருங்க."

பார்த்ததுமே புரிந்தது. அடித்தொனியைக் கூட்டும் பேஸ் குமிழ்கள் எல்லாம் உச்சியில் நின்றன. "இதை இறக்கினா சரியாயிடும்" என்று கை நீட்டினேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அது பையன் வெச்சது. கொறைடா, கொறைடான்னு கத்துவேன். கேக்கவே மாட்டான்."

மாலை போட்ட போட்டோவில் அவன் ஹெட்போனோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"வேற எங்கயாவது கோளாறு இருக்கும் சார். பாருங்களேன்."

ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். கேசட்டைப் போட்டார். தவில் அப்படியேதான் கரகரத்தது.

"அச்சா, இப்ப தேவலை" என்றார்.

"ஆமா சார், நல்லாருக்கு" என்றேன்.

இப்போதும் காலையில் அந்தக் கரகரப்பு மாடிவரை வருகிறது. என் மனைவி ஜன்னலைச் சாத்தப் போனால், நான் விடுவதில்லை.