சவரிக்காக விட்ட இடம்

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பிரியாணியை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். மேடையில் கீபோர்டு வாசிப்பவர் அந்த மெட்டை எடுத்தார். ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். முன்பென்றால் மேடைக்கே ஓடியிருப்பேன், இப்போது நிற்பதற்கே தெம்பு வேண்டியிருக்கிறது.

அது ஒரு சினிமாவின் பின்னணி இசை. பாட்டு வரிகூடக் கிடையாது. ரயிலடியில் காதலர்கள் பிரியும்போது ஒற்றை டிரம்பெட் அழும். படம் ஊத்திக்கொண்டது. அதுவும் விழுப்புரத்தில் ஓடித் தேய்ந்த பிறகுதான் படப்பெட்டி எங்கள் ஊருக்கு வரும். அறுந்த இடங்களை ஆபரேட்டர் வெட்டி ஒட்டியிருப்பார். எங்கள் பேண்டு செட்டில் நான் கிளாரினெட், என் கூட்டாளி சவரி டிரம்பெட். நோட்ஸெல்லாம் யாருக்குத் தெரியும்? கொட்டகையில் காதால் கேட்டு வந்து வாசிப்போம். இந்த மெட்டோ நடுவில் வெட்டுப்பட்டு, துள்ளி வேறெங்கோ போய் விழுந்தது.

"நடுவுல பள்ளமா இருக்குதுடா," என்றான் சவரி. "நானே எதனா போட்டு ரொப்பிக்கிறேன், நீ பேஜாரு பண்ணாத."

ரொப்பினான் பாருங்கள்! ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், ஆனாலும் சவரியுடையது என்று தெரியும். கல்யாணத்தில் வேகமாக, சாவில் மெதுவாக. படத்தை மறந்தவர்களும் மெட்டைக் கேட்டு வாங்கினார்கள். சுற்றுப்பட்ட செட்டெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. இரும்பை என்ற ஊரில் ஒரு கல்யாணத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் "ஜாஸ், ஜாஸ்" என்று எங்கள் கையைக் குலுக்கினார். அது என்னவென்று தெரியாமலே நானும் பெரிய வித்வான் மாதிரி தலையாட்டினேன்.

சவரி செத்தபோது அதே மெட்டை வாசித்துக்கொண்டு கல்லறைக்குப் போனோம். நடு இடம் வந்ததும் எல்லோரும் வாத்தியத்தை இறக்கிவிட்டோம். டிரம் மட்டும் போயிற்று. யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை. அதன்பிறகு எங்கே வாசித்தாலும் அந்த இடத்தைச் சவரிக்கு விட்டோம். எங்களைப் பார்த்து மற்ற செட்டுகளும் விட்டன. பெரிய மரியாதை செய்வதாக எங்களுக்கு நினைப்பு.

போன வாரக் கல்யாணம் சவரியின் பேரனுக்கு. கீபோர்டுக்காரர் செல்போனில் அசலைக் கேட்டுப் பழகியிருந்தார். வெட்டுப்பட்ட அந்த நடுப்பகுதியை இத்தனை வயதில் முதல்முறையாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சவரியின் மகளும் மாப்பிள்ளையின் அம்மாவுமான ஸ்டெல்லா விருந்தாளிகளை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, இது அப்பாவோடது இல்லியே?"

"இல்லமா."

"அப்பா வாசிச்சது எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது. பையன் கல்யாணமாச்சேன்னு ரெண்டு நாளா நெனச்சிக்கினே இருக்கறேன். நீங்க பாடிக் காட்டுங்க, போன்ல புடிச்சி வெச்சிக்கறேன். உங்கள விட்டா யாரு இருக்கறாங்க?"

உண்மைதான், அந்த செட்டில் மிச்சம் நான் ஒருவன். ஊத மூச்சில்லை, முனகத்தான் முடியும். ஆரம்பம் சரியாக வந்தது. நடு இடம் வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. விரல் மட்டும் நாற்காலிக் கையில் டிரம் அடித்தது. மறுபடி முனகினேன். மறுபடியும் அப்படியே. ஸ்டெல்லா போனை நீட்டியபடி நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷம் அவனுக்காகச் சும்மா இருந்து இருந்து, சும்மா இருப்பது மட்டும்தான் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.