தாழிக்குள் இருந்த கிண்ணம்

"...கிண்ணம் மட்டும் போதுமா சார்? உள்ள எலும்பும் கெடக்கு, அதையும் சேத்து எடுத்துட்டுப் போங்க" என்கிறார் பேச்சியம்மாள்.

தேவதானம் போகும் வழியில், அவருடைய தென்னந்தோப்பில் கிணறு தோண்டுகிறார்கள். வேடிக்கை பார்க்க பைக்கை நிறுத்தியவன் நான். ஜேசிபியின் பல் பட்டு, அந்தக் காலத்தில் இறந்தவரைப் புதைத்த தாழி ஒன்று உடைந்து கிடக்கிறது. அதற்குள் இருந்த கறுப்புக் கிண்ணம் இப்போது என் கையில். யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டேன்.

"வீட்டுல பத்திரமா வச்சுக்குவேன்மா."

"நல்லாருக்கே! ஒருத்தர் வீட்டுச் சாமானத் தூக்கிட்டுப் போயி பத்திரமா வச்சுக்குவியளோ?"

முகத்தில் அறைந்தது போல இருக்கிறது. கிண்ணத்தைத் தாழிக்குள்ளேயே வைக்கிறேன்.

ஜேசிபி ஓட்டுநர் இன்ஜினை அணைக்கவில்லை. "யக்கா, பேசாம மண்ணத் தள்ளி மூடிருவோம். ஆபீசருக்குத் தெரிஞ்சா கிணறு அம்புட்டுத்தான். தோப்பு காஞ்சிரும்."

அவர் சொல்வதும் பொய்யில்லை. மட்டைகள் இப்போதே பழுத்துத் தொங்குகின்றன. பேச்சியம்மாள் சற்று நேரம் அவற்றையே அண்ணாந்து பார்க்கிறார். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிடுகிறார்.