துடுப்பு யார் கையில் இருந்தது, சூசை?

சூசை போய்விட்டான். இன்று காலை, திரேஸ்புரத்தில், அவன் வீட்டிலேயே. அவன் மகள் ஃபோன் பண்ணிச் சொன்னாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தொண்ணூறு தாண்டிய விரல், பேத்தியின் டேப்லெட்... எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

அஞ்சலி எழுத உட்கார்ந்தால் சண்டைதான் ஞாபகம் வருகிறது. அவனுக்கும் எனக்கும் ஒரு பஞ்சாயத்து தீராமலே கிடக்கிறது.

இரண்டாம் உலக யுத்த காலம். தூத்துக்குடியில் எங்களுக்குக் கயிற்றுக் கடை. சூசை சங்கு குளிக்கப் போகிறவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, மீசை அரும்பிய திமிர்.

அவன் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் தங்கச்சிகள். சொத்து என்று இருந்தது ஒரே ஒரு சின்னக் கட்டுமரம்.

மரத்தைப் பெரியதாழை ஊர்க்காரர்களுக்கு விற்றுவிட வேண்டும் என்று அவன் சித்தப்பா ஒரே பிடியாக நின்றார். சூசை கெஞ்சிய கெஞ்சலில் கடைசியாக ஒரு நிபந்தனை போட்டார்.

"பாய் வச்சு முயல்தீவு வரைக்கும் போயிட்டு, இதே இடத்துல கொண்டாந்து கரையேத்துல. துடுப்பு ஒங்கையில இருக்கணும். இல்லன்னா வித்துருவேன்."

கடலுக்கு அடியில் சூசை ராஜா. கடலுக்கு மேலே அவனுக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. சொல்லித் தரவும் ஆள் கிடையாது. தெரிந்தவர்கள் எல்லாம் சித்தப்பா பக்கம்!

கட்டுமரத்தில் இரண்டு பேர். பின்னால் இருப்பவன் துடுப்பை வைத்துத் திருப்புவான், மற்றவன் பாய்க்கயிற்றைப் பிடிப்பான். துடுப்புக்காரன் மட்டும்தான் வாய் திறக்கலாம். கரை நெருங்கியதும் "கயித்த விடு" என்று அவன்தான் சத்தம் கொடுப்பான், பாய் இறங்கும்.

எங்கள் இரண்டு பேருக்குமே வாய் மூடாது. "இழுல!" என்பான் அவன், "நீ திருப்புல மொதல்ல!" என்பேன் நான். மரம் பாட்டுக்கு நின்ற இடத்திலேயே வட்டம் போடும்.

ஒரு நாள் என்ன திருப்பியும் மரம் ஒரே பக்கமாகத்தான் இழுத்தது. பேய் பிடித்த மாதிரி... எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கட்டுமரத்தை ஒவ்வொரு தடவையும் கரையில் அவிழ்த்துக் காயப்போட்டு மறுபடி கட்ட வேண்டும். நாங்கள் இடது மரத்தை வலதில் கட்டியிருக்கிறோம், வலதை இடதில். அதுவும் எங்கள் கடையின் புதுக் கயிற்றால், அத்தனை இறுக்கமாக!

சூசையின் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ரெண்டு பேருக்கும் சோத்துக்கை எதுன்னு தெரியுமால?" மாற்றிக் கட்டியது நான்தான் என்று அவன் சாதித்தான்; உண்மையில் அவன்தான்.

சித்தப்பா சொன்ன நாள் வந்தது. சோழக்காற்று, தெற்கேயிருந்து நல்ல வேகம். சூசை துடுப்பில், நான் கயிற்றில். தீவு வரைக்கும் போனோம். அதுவரை சந்தேகமே இல்லை.

திரும்பும்போது ஒரு வீச்சு வீசியது பாருங்கள்... மரத்தை ஒரு பக்கம் அப்படியே தூக்கி எங்கள் இரண்டு பேரையும் தண்ணீரில் தள்ளிவிட்டது. உப்புத்தண்ணீரைக் குடித்து, தட்டுத்தடுமாறித் தொற்றி ஏறினோம்.

ஏறி யார் எங்கே உட்கார்ந்தோம்?

என் உள்ளங்கை உரிந்து எரிந்தது ஞாபகம் இருக்கிறது. அது கயிறுதானே? துடுப்பாகவும் இருக்கலாமோ? கரை நெருங்கியதும் "கயித்த விடு!" என்று ஒரு அலறல். அது இன்னும் காதில் இருக்கிறது. யார் குரல் என்றுதான் தெரியவில்லை.

பாய் எங்கள் தலைமேலேயே விழுந்தது. உள்ளேயிருந்து இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து வந்தோம்.

சித்தப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார், "துடுப்பு யாருட்டல இருந்துச்சி?"

"சூசைட்டதான்" என்றேன், சட்டென்று. சூசை பாயைச் சுருட்டக் குனிந்துவிட்டான். சித்தப்பா திரும்பிப் போய்விட்டார். மரம் தங்கிவிட்டது.

அந்த மரத்தை வைத்துத்தான் தங்கச்சிகளைக் கரையேற்றினான். அப்புறம் பல வருஷம் கழித்து அவன் மகள் கல்யாணத்தில், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்.

"அன்னைக்கு ஏம்ல பொய் சொன்ன? துடுப்பு ஒங்கையிலல்லா இருந்துச்சி. நான் கயிறு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. "போல கிறுக்கா, நீதாம்ல துடுப்பு" என்றேன்.

"அப்ப எங்கை எப்படில உரிஞ்சிது? நியாயப்படி மரம் வெல போயிருக்கணும். எங்க குடும்பமே ஒம் பொய்யிலதாம்ல நிக்கி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் எனக்குக் கோபம். நான் பொய் சொல்லவில்லை. சொன்னேனா?

அதற்கப்புறம் பார்க்கும்போதெல்லாம் இதே சண்டை. கிறிஸ்மஸுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டால்கூட "துடுப்புக்காரரே" என்றுதான் ஆரம்பிப்பான். என்னை வெறுப்பேற்றச் சொல்கிறானா, நன்றி சொல்கிறானா, நிஜமே அதுதானா... ஒரு நாளும் பிடிபடவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?

மத்தியானம் மகள் வீடியோ காலில் காட்டினாள். வெள்ளைச் சட்டை. சேர்த்துக் கட்டிய கைகள், ஜெபமாலை. விரல்களை அப்படி இறுக்கமாக மூடியிருந்தான்.

"மாமா, அப்பாட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டு, ஃபோனை அவன் காதோரம் கொண்டுபோனாள்.

சொல்லிவிட்டேன்.

"சரிடே... துடுப்பு எங்கிட்டதான் இருந்துச்சி. கரை வந்துட்டு சூசை. கயித்த விடு."