இடித் தாத்தா

காபி வேண்டுமென்றால் லெத்தேரியோ கடைக்குள் வந்து கேட்பதில்லை. தெருமூலையில் திரும்பும்போதே "ஒரு காபி, சர்க்கரை வேணாம்" என்று குரல் முன்னால் வந்துவிடும். ஆள் உள்ளே நுழையும்போது கோப்பை ஆவி பறக்கக் காத்திருக்கும். கடை வாசலில் படுத்திருக்கும் நாய் மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு இன்னும் பழகவில்லை. தினமும் காலையில் எழுந்து, எதிர் நடைபாதைக்குப் போய், மறுபடி படுத்துக்கொள்ளும்.

மெசினா துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருக்களில் அவர் பேச்சை யாரும் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. வீட்டில் இன்று என்ன மீன், முழங்கால் வலிக்கு மருத்துவர் என்ன சொன்னார், மகள் எப்போது வருகிறாள் என்பதெல்லாம் அவர் மாடி முகப்பிலிருந்து பொதுவில் அறிவிக்கப்படும். தேவாலயத்தில் எல்லோரும் தலை குனிந்து மௌனமாக வேண்டிக்கொள்ளும் நேரம் வந்தால், அவர் எழுந்து வெளிப்படிக்கட்டுக்குப் போய்விடுவார். ஒரே ஒருமுறை உள்ளேயே இருந்து முணுமுணுத்துப் பார்த்தார். அவருக்கு மூலநோய் என்பது அன்றைக்குத்தான் சபைக்குத் தெரிந்தது.

அந்தக் குரல் பிறப்பில் வந்ததல்ல. பெருநிலத்துக்கும் இந்தத் தீவுக்கும் நடுவே, ரயிலைச் சுமந்துகொண்டு நீரிணையைக் கடக்கும் கப்பலில் அவருக்கு வேலை. அக்கரைக்கு வந்து சேரும் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள். பெட்டிகள் கடலில் ஆடாமல் இருக்கச் சங்கிலி போட்டு இறுக்குவார் லெத்தேரியோ. இரும்பு இரும்போடு மோதும் இடத்தில், இயந்திர உறுமலையும் தாண்டி, மறுகோடியில் நிற்பவனுக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். அப்படியே இளமை போயிற்று, தலைமுடி போயிற்று, காதும் பாதி போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு வீட்டின் அமைதியில் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர் மனைவி பிளாசிதா, படுக்கப் போகுமுன் சலவை இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு வருவார். பல நாள் அதற்குள் துணியே இருக்காது.

மகள் இவானாவுக்குக் கணவன் மாவ்ரோவோடு வாழ்க்கை வடக்கே மிலானில் அமைந்துவிட்டது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு இரவு ரயிலில் தெற்கே வருவாள். லெத்தேரியோ மெசினா நிலையத்தில் நின்று வரவேற்கிற ஆள் இல்லை. காலையிலேயே அக்கரைக்குப் போய்விடுவார். அவர்கள் ரயில் எந்தக் கப்பலில் ஏறுகிறதோ அதே கப்பலில் ஏறி, அவர்களோடு சேர்ந்து கடலைக் கடந்து வீட்டுக்கு வருவார்.

"கொஞ்சம் பொறுத்தா அவங்களே இங்க வந்து இறங்கப்போறாங்க. நீ எதுக்கு லெத்தே அலையுற?" என்று பிளாசிதா வருடாவருடம் கேட்பார்.

"கரையில பாக்குறது வேற, கடல்ல பாக்குறது வேற. உனக்குச் சொன்னாப் புரியாது."

போன வருடம் அந்தச் சந்திப்புதான் வினையாகிப் போயிற்று. கப்பலின் இரும்புப் படிக்கட்டில் மகளும் பேரக்குழந்தைகளும் ஏறி வருவதைக் கண்டதும் அவரால் அடக்க முடியவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, "வந்துட்டீங்களா" என்றார். அவ்வளவுதான். இரண்டு வயது பியேத்ரோ அலறிய அலறலில் முகம் நீலம் பாரித்துவிட்டது. பிறகு தங்கியிருந்த நாளெல்லாம் தாத்தா ஓர் அறைக்குள் வந்தால் குழந்தை மறு அறைக்கு ஓடினான். அக்கா நோயெமிதான் அவருக்கு இடித் தாத்தா என்று பெயர் வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பெரிதாக லெத்தேரியோ சிரித்தார். அதற்கும் பியேத்ரோ அழுதான். அன்று பொரித்த வாள்மீன் துண்டை அவர் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்ததைப் பிளாசிதா மட்டும் கவனித்தார்.

குளிர்காலம் பிறந்ததும் இவானா தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அப்பா, வர்ற கோடையில அங்க நாலு நாள்தான் இருப்போம். அப்புறம் மாவ்ரோவோட அப்பா அம்மா இருக்கிற மலை ஊருக்குப் போயிடுறோம். இவன் இன்னமும் தூக்கத்துல எழுந்து 'இடி வருதா'ன்னு கேக்குறான். நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

"நீ பண்றது சரிதான்மா. குழந்தைதான் முக்கியம்" என்றார் அவர். தெருவில் மூன்று வீடுகளுக்கு அது கேட்டது. அந்த மூன்று வீட்டிலும் யாரும் அதைப் பற்றி அவரிடம் பேசவில்லை.

மறுநாளிலிருந்து அவர் மெதுவாகப் பேசப் பழகினார். முதலில் மாடியில் இருந்த துளசிச் செடியிடம். பிறகு மனைவியிடம்.

"என்ன சொன்ன?"

"உப்பு வேணும்னேன்."

"உடம்புக்கு என்ன பண்ணுது? டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"ஒண்ணும் இல்ல. மெதுவாப் பேசுறேன்."

"வேணாம் லெத்தே. பக்கத்துல ஆள் செத்துக் கெடக்குற மாதிரி இருக்கு."

முடிதிருத்தும் ஃபெர்தினாந்தோ இன்னும் மோசம். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து, "பொண்டாட்டி நாக்கைப் பிடுங்கிட்டாளா? எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் என் வீட்டுக்காரியை அனுப்பியிருப்பேனே, அவ நாக்கையும் பிடுங்கி விடட்டும்னு" என்றான். லெத்தேரியோ காசை எண்ணி வைத்துவிட்டுக் கிளம்பினார். மகள் வீட்டோடு திரையில் முகம் பார்த்துப் பேசும் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைப் பேசவிட்டு, பின்னால் உட்கார்ந்து வெறுமனே கையை ஆட்டினார். மிலானில் பியேத்ரோ திரையைச் சிறிது நேரம் உற்றுப் பார்ப்பான். பிறகு விளையாடப் போய்விடுவான்.

அவர்கள் வந்த நாளில் நீரிணையில் ஓநாய் இறங்கியிருந்தது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கடல்மேல் படிந்து கரை இரண்டையும் விழுங்கிவிடும் மூடுபனிக்கு அங்கே அப்படித்தான் பெயர். லெத்தேரியோ அக்கரையில் கப்பல் ஏறியபோது தண்ணீர் தெரியவில்லை. எங்கோ ஒரு வாள்மீன் பிடிக்கும் படகின் உயர்ந்த பாய்மரத்து உச்சியும் அதில் நின்று கடலைப் பார்க்கும் ஆளும் மட்டும், அடியில் ஏதும் இல்லாமல், வெள்ளை வெளியில் நகர்ந்துபோவது தெரிந்தது.

அவர் படிக்கட்டில் காத்திருக்கவில்லை. ரயில் நிற்கும் கீழ்த்தளத்துக்கே இறங்கிப் போனார். பெட்டியின் கதவருகே இவானா, கலைந்த தலையோடு நின்றுகொண்டிருந்தாள். உதட்டில் விரல் வைத்தாள்.

"இப்பதான் தூங்கினான். ராத்திரி பூரா கண்ணு மூடல. என்னையும் மூடவிடல."

ஏழு வயது நோயெமி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, கடல் போயிடும். வா, கடல் போயிடும்."

"நீ கூட்டிட்டுப் போ. நான் உக்காந்திருக்கேன்" என்றார் லெத்தேரியோ.

"என்னது?"

"நான் இவன்கிட்ட உக்காந்திருக்கேன்."

அப்பாவின் வாயிலிருந்து அப்படி ஒரு சின்னக் குரல் வரும் என்று இவானா நினைத்ததில்லை. அவரை ஒரு கணம் பார்த்தாள். "முழிச்சுட்டான்னா?"

"முழிச்சாலும் பேச மாட்டேன்."

"அழுதா பிஸ்கட் குடு தாத்தா" என்றாள் நோயெமி. "அப்பவும் அழுதா நீ ஒளிஞ்சுக்கோ."

அவர்கள் மேலே போனார்கள். லெத்தேரியோ பெட்டிக்குள் ஏறி, குழந்தைக்கு எதிர்ப் படுக்கையில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாழ்நாளெல்லாம் இந்தப் பெட்டிகளைக் கடல்மேல் கட்டிப்போட்டிருக்கிறார். கடல் தாண்டும்போது ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்ததே இல்லை. வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார். கண்ணாடியில் அழுந்திய ஒரு கன்னம். தலை வாரிக்கொண்டிருக்கும் ஒரு பெண். வாய் திறந்து தூங்கும் இளம் படைவீரன். சங்கிலியோடு குனிந்து நிமிரும்போது ஒரு நொடி தெரிந்து மறைந்த முகங்கள். இவர்களெல்லாம் எங்கே போகிறார்கள் என்று கேட்க அன்று நேரம் இருந்ததில்லை.

கப்பல் புறப்பட்டதும் பெட்டியின் விளக்குகள் அணைந்தன. பச்சை கலந்த அரையிருட்டு. உள்ளேயிருந்து பார்த்தால் கப்பல் நகர்வதே தெரியவில்லை. சங்கிலிகள்தான் மூச்சு விடுவதுபோல இறுகித் தளர்ந்தன. பின்பக்கத் திறப்பு வழியே மூடுபனி உள்ளே வந்து, பெட்டிகளுக்கு இடையே ஆள் தேடுவதுபோல மெல்ல நடந்தது. குழந்தையின் வெறுங்கால் போர்வைக்கு வெளியே கிடந்தது. அதைத் தொட்டால் விழித்துக்கொள்வானோ என்று லெத்தேரியோ கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவருக்கும் கண் செருகியது. தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாத ஓர் இடத்தில் இருவரும் மிதந்தார்கள்.

கப்பலின் சங்கு ஊதியது.

மூடுபனியில் எதிரே வரும் கப்பலுக்கு எச்சரிக்கையாக ஊதுவது. தளம், சுவர், இருக்கை எல்லாம் அதிர்ந்தன. பியேத்ரோ எழுந்து உட்கார்ந்தான். அம்மா இருந்த இடத்தில் அம்மா இல்லை. எதிரே அவர். உதடு கோணிற்று. லெத்தேரியோ அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

இரண்டாம் முறை ஊதியபோது குழந்தை படுக்கையிலிருந்து குதித்தான். ஓட வேறு இடம் இல்லை. நேரே வந்து அவர் மடியில் ஏறி, அக்குளில் தலையைப் புதைத்துக்கொண்டான்.

"அது என்ன?" என்றது அக்குளுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"கப்பல்" என்றார், துளசியிடம் பேசிய குரலில்.

"ஏன் கத்துது?"

"வெளிய ஒரே பனி. அதுக்குக் கண்ணு தெரியல. பயந்து போய்க் கத்துது."

பியேத்ரோ தலையை வெளியே எடுத்து யோசித்தான். மறுபடி ஊதியது. மறுபடி தலை உள்ளே போயிற்று.

"நீ கத்து தாத்தா. சும்மா இருன்னு அதுக்குச் சொல்லு."

"நான் கத்தினா நீ அழுவியே."

"என்கிட்ட கத்தாத. கப்பல்கிட்ட கத்து."

"சும்மா இரு" என்றார் அவர், கூரையைப் பார்த்து, பாதிக் குரலில்.

"அதுக்குக் கேக்காது. பெருசா." குழந்தை இரண்டு கைகளாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டு, தயார் என்பதுபோலத் தலையாட்டினான்.

ஒரு குளிர்காலம் முழுக்க உள்ளே வைத்திருந்த குரல் அது. "சும்மா இரு" என்று அவர் போட்ட சத்தத்தில் சன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. அடுத்த அறையில் யாரோ தலையை மேல்படுக்கையில் இடித்துக்கொண்டார்கள். கீழே சங்கிலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சாரோ, அவருடைய பழைய கூட்டாளி, நிமிர்ந்து பார்த்தான். "யாரு, லெத்தேரியோவா? சத்தமே இல்லியே, போய்ச் சேர்ந்துட்டியோன்னு நெனச்சேன்" என்று பதிலுக்குக் கத்தினான்.

சங்கு சற்று நேரம் ஊதவில்லை. பியேத்ரோ காதிலிருந்து கையை எடுத்து, கூரையைப் பார்த்து, பிறகு அவரைப் பார்த்தான்.

"கேட்டுடுச்சு" என்றான்.

அது மறுபடி ஊதியபோது இருவரும் சேர்ந்து கத்தினார்கள். குழந்தைக்குச் சிரிப்பு வந்து விக்கல் எடுத்தது. அதற்கப்புறம் ஊதியபோது அவன் கொட்டாவி விட்டபடி, "நீயே சொல்லிடு" என்றான். சொல்லி முடிக்குமுன் அவர் சட்டையைப் பற்றியபடியே தூங்கிப்போனான்.

படிக்கட்டில் தடதடவென்று ஓடி வந்தாள் இவானா. அப்பாவின் குரல் மேல்தளம்வரை கேட்டிருந்தது, அவள் முகம் வெளுத்திருந்தது. கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"தாத்தா, உன் சத்தத்துல ஒரு அம்மா காபியைக் கொட்டிட்டாங்க" என்றாள் பின்னால் வந்த நோயெமி, மிகுந்த மரியாதையோடு.

மெசினாவில் கப்பலிலிருந்து ரயிலை வெளியே இழுத்து, பெட்டிகளைக் கோத்து, நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்தக் கரையில் பனி விலகி, சுள்ளென்று வெயில். நடைமேடையில் பிளாசிதா, வெண்ணெய் ரொட்டிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு சன்னலாகப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார். இவானா துணிப்பெட்டிகளை இறக்கிக் கதவருகே வைத்தாள்.

"எழுந்திரு அப்பா. வந்தாச்சு."

"இப்பதான் தூங்கினான்."

"வண்டி கிளம்பிடும்."

"அடுத்த ஊர்ல இறங்கிக்கலாம்."

"டிக்கெட் இதோட முடியுது. அம்மா வெளிய நிக்கிறாங்க."

"தெரியும்."

"உனக்குப் பைத்தியமா?" என்றாள் இவானா. ஆனால் அவளும் அதைக் கிசுகிசுத்தாள். அப்பாவின் கைமேல் கிடந்த சின்னத் தலையைப் பார்த்தாள். நோயெமி ஏற்கெனவே காலணியைக் கழற்றிவிட்டுச் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். இவானாவின் கைப்பேசி அதிர்ந்தது. கணவன்.

"இல்ல மாவ்ரோ, இன்னும் வந்து சேரல" என்றாள். "ம். மலைக்கு எப்ப வர்றோம்னு இப்பக் கேக்காத. அப்புறம் சொல்றேன்." ஒரு துணிப்பெட்டியைத் தூக்கி மறுபடி மேலே வைத்தாள்.

பிளாசிதா அவர்களைக் கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடியைத் தட்டி, இறங்கு, இறங்கு என்று வாயசைத்தார். ரயில் அசைந்தது. ரொட்டிப் பையோடு அவர் கூடவே நடந்து வந்தார். வேகம் கூடி, நிலையக் கூரையைத் தாண்டியதும் வெயில் உள்ளே பாய்ந்து குழந்தையின் இமைகள்மேல் விழுந்தது. லெத்தேரியோ மனைவியைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். பிறகு, காலியாக இருந்த கையை நீட்டி, சன்னல் திரையை மெல்லக் கீழே இழுத்துவிட்டார்.